ஸ்ப்ரே டப்பாவும் கண்ணில்லாத தசாவதாரமும்

புரட்டாசி பிறந்துவிட்டால் ஸ்ரீரங்கத்துப் பரண்களுக்கு வேலை வந்துவிடும். உத்தர வீதியோ, சித்திர வீதியோ, அடையவளைந்தான் வீதியோ, எந்த வீட்டிலும் மகாளய அமாவாசைக்குள் கொலுப்பெட்டி கீழே இறங்கியாக வேண்டும். பழைய வேட்டித்துணியைப் பிரித்தால் உள்ளே செட்டியார், தசாவதாரம், கல்யாண கோஷ்டி, கிருஷ்ணன். ஒருவருக்கு விரல் போயிருக்கும், ஒருவருக்குக் கன்னத்தில் வண்ணம் உதிர்ந்திருக்கும். அதுவரை எல்லாம் சரிதான்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் கொடுமை. லீவுக்கு வந்த பேரன் ஹார்டுவேர் கடையில் ஒரு ஸ்ப்ரே டப்பா வாங்கி வருகிறான். மொட்டை மாடியில் பேப்பர் விரித்து பொம்மைகளை வரிசையாக நிறுத்துகிறான். டப்பாவைக் குலுக்குகிறான். புஸ்ஸ்ஸ்... இரண்டே நிமிடம். பத்து அவதாரமும் ஒரே வெள்ளை. சாயங்காலம் பாட்டி மாடிக்கு வருகிறாள்.

"ஏண்டா கண்ணா, இந்த ராமருக்குக் கண்ணு எங்கடா?"

"இரு பாட்டி, இது பேஸ் கோட்தான். இதுக்கு மேலதான் வரையணும்."

"சரி, யாரு வரைவா?"

இந்தக் காட்சி எந்த ஒரு வீட்டையும் குறிப்பிட்டுச் சொன்னதல்ல. எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது. ஆனால் பாட்டி கடைசியாகக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒருவரும் பழைய பொம்மை மேல் ஸ்ப்ரே டப்பாவை நீட்டக் கூடாது. சொல்ல வந்த விஷயம் இவ்வளவுதான். ஸ்ப்ரே பேஸ் கோட் என்பது புது பொம்மைக்குப் புத்தாடை. பழைய பொம்மைக்கு அது கோடித்துணி.

பேஸ் கோட் எதற்கு?

முதலில் நியாயத்தைப் பேசிவிடலாம். பேஸ் கோட் ஒன்றும் வெளிநாட்டுச் சதி இல்லை. மண் பொம்மையோ காகிதக்கூழ் பொம்மையோ தண்ணீரை உறிஞ்சும். நேரடியாக வண்ணம் பூசினால் ஒரு இடத்தில் குடித்துவிடும், இன்னொரு இடத்தில் திட்டாக நிற்கும். மண்ணின் நிறமும் மேலே எட்டிப் பார்க்கும். அதனால்தான் முதலில் வெள்ளை. அதற்கு மேல் பூசும் மஞ்சள் மஞ்சளாகவும் சிவப்பு சிவப்பாகவும் தெரியும். அந்தக் காலக் கைவினைஞர்கள் சுண்ணப் பொடியைப் பசையில் குழைத்துத் தூரிகையால் பூசினார்கள். இன்றைய பட்டறைகளில் கம்ப்ரெஸரும் ஸ்ப்ரே கன்னும் அதே வேலையை நிமிஷத்தில் முடிக்கின்றன.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. பண்ருட்டியிலும் காஞ்சிபுரத்திலும் சீசனுக்கு முன்னால் குவிந்து கிடக்கும் பொம்மைகளுக்கு ஒவ்வொன்றாகத் தூரிகை பிடித்து வெள்ளை அடி என்று ஏசி அறையில் உட்கார்ந்து உபதேசம் செய்வது அராஜகம். புது பொம்மை நன்றாகக் காய்ந்திருக்கிறது, மேலே தூசி இல்லை, பழைய வண்ணம் இல்லை. முக்கியமாக, வெள்ளை அடித்த கையோடு கண், புருவம், நாமம், சேலைக் கரை எல்லாம் வரைய ஒரு ஆள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். அங்கே பேஸ் கோட் ஒரு ஆரம்பம்.

மொட்டை மாடியில் அது முடிவு. வரைய ஆள் இல்லை. வரைந்தாலும் ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு புள்ளி. ராமரும் லட்சுமணரும் சீதையும் திருட்டுமுழி முழித்துக்கொண்டு ஒன்பது நாள் நிற்கிறார்கள்.

மேலே பளபள, உள்ளே பொலபொல

"அடிச்சா எப்படிப் பளபளன்னு இருக்கு பாருங்க!" இதுதான் முதல் வாதம். அடித்த அன்று பளபளதான். அடுத்த வருஷம் பெட்டியைத் திறந்து பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும்.

பழைய பொம்மையின் மேல் இருப்பது பெரும்பாலும் பசையில் குழைத்த சுண்ணப் பூச்சும், அதன் மேல் தண்ணீரில் கரையும் வண்ணமும். வருஷம் ஆக ஆகப் பசை வலுவிழந்து, பூச்சு பொடிப் பொடியாகப் பொம்மையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். விரலால் தேய்த்தால் கையில் வரும். அதன் மேல் ஸ்ப்ரேயின் படலம் விழுந்து, காயும்போது லேசாகச் சுருங்குகிறது. அது பிடித்திருப்பது பொம்மையை அல்ல, பொடியை. சுருங்கும்போது பொடியையும் சேர்த்து இழுக்கிறது. மண்ணுக்குள் கொஞ்சம் ஈரம் இருந்தால் அது வெளியேற வழியில்லாமல் படலத்தை உள்ளேயிருந்து தள்ளும். கடைசியில் ஸ்ப்ரே, பழைய வண்ணம், சுண்ணப் பூச்சு மூன்றும் ஒரே செதிலாக, முட்டை ஓடு மாதிரி உரிந்து விழும். முன்பு கன்னத்தில் மட்டும்தான் வண்ணம் போயிருந்தது. இப்போது கன்னமே போய்விடும்.

அடிக்கும் காலமும் சரியில்லை. நவராத்திரிக்கு முந்தைய நாட்கள் என்றால் திருச்சியில் பகலெல்லாம் வெயில், சாயங்காலம் திடீர் மழை, காற்றில் ஈரம். ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பொம்மையின் மேல்பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் படிந்து, படலம் பால் கொட்டியது மாதிரி மங்கிப் போகும். பெயிண்டர்களைக் கேட்டால் மழை நாளில் ஸ்ப்ரே வேண்டாம் என்பார்கள். ஐடியா மணிகள் கேட்க மாட்டார்கள்.

அடுத்து நுணுக்கம். ஒரு பூச்சின் தடிமன் தலைமுடியைவிடக் குறைவுதான். சரி. ஆனால் 2 அங்குலச் செட்டியார் பொம்மையில் இமை எவ்வளவு தடிமன்? அதுவும் அவ்வளவுதான். விரல் இடுக்கு, கழுத்து மணி, உதட்டுக் கோடு எல்லாம் அதே கணக்கில்தான் இருக்கின்றன. மொட்டை மாடியில் ஒரு பூச்சோடு யாரும் நிறுத்துவதும் இல்லை. வெள்ளை ஒன்று, பத்தவில்லை என்று இன்னொன்று, மேலே தங்கக் கலர், அடுத்த வருஷம் மறுபடியும் வெள்ளை. நாலு நவராத்திரி போனால் செட்டியாரும் செட்டியாரம்மாவும் இரண்டு கொழுக்கட்டைகள்.

மரப்பாச்சிக்குத் தங்க முலாம்!

செட்டியாரையாவது மன்னிக்கலாம். சில வீடுகளில் மரப்பாச்சிக்கே தங்கக் கலர் அடிக்கிறார்கள். என்ன கொடுமை இது!

கொலுவில் முதலில் எடுத்து வைப்பது மரப்பாச்சி ஜோடியைத்தான். கருங்காலி, செம்மரம் போன்ற மரத்தில் கடைந்தது. கல்யாணத்தில் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்து, அவள் பெண்ணுக்கு, அவள் பேத்திக்கு என்று கை மாறி வருவது. அதற்கு எந்தக் காலத்திலும் பேஸ் கோட் கிடையாது. மரத்தின் நிறம்தான் அதன் நிறம். துணி கட்டி, பாசிமணி போட்டு அலங்கரிப்பார்களே தவிர வண்ணம் பூச மாட்டார்கள். குழந்தை வாயில் வைத்துக் கடித்தாலும் வெறும் மரம். இப்போது அதே பொம்மையில் பைக் டேங்குக்கு அடிக்கும் பெயிண்ட். கொலு முடியும் முன் குழந்தை வாயில் வைக்காது என்று யார் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள்?

பக்கத்துத் தஞ்சாவூர் பொம்மையின் கதை இன்னும் பரிதாபம். தலையாட்டி பொம்மைக்கு 2008ஆம் ஆண்டு வாக்கில் புவிசார் குறியீடு கிடைத்தது. நடனப் பெண் பொம்மையில் தலை, உடல், பாவாடை எல்லாம் தனித்தனித் துண்டுகள், ஒன்றின் மேல் ஒன்று தொங்கி ஆடுவதற்காகச் செய்தவை. அதன் மேல் சகட்டுமேனிக்கு ஸ்ப்ரே அடித்தால் கழுத்து இடுக்கில் பெயிண்ட் இறங்கி இறுகிவிடும். அப்புறம் அது ஆடாது. நடனப் பெண்ணுக்குக் கழுத்துச் சுளுக்கு. :-)

"கோபுரத்துக்கே பெயிண்ட் அடிக்கிறாங்களே?"

இது இரண்டாவது வாதம். கேட்டவுடன் வாயை அடைக்கும் வாதம். ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களில் இருக்கும் சுதைப் பொம்மைகளுக்குக் குடமுழுக்கு வரும்போதெல்லாம் புது வண்ணம் அடிக்கிறார்களே, வீட்டுப் பொம்மைக்கு அடித்தால் மட்டும் என்ன?

நல்ல கேள்வி. 1987ல் குடமுழுக்கு கண்ட ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. மேல் நிலையில் இருக்கும் உருவத்தின் இமைக்கோட்டைத் தெருவில் நிற்கும் யாரும் பார்க்கப் போவதில்லை. வெயிலிலும் மழையிலும் நிற்கும் சுதைக்கு ஒரு பாதுகாப்புப் பூச்சும் தேவை. கொலு பொம்மை வீட்டுக்குள், ஒரு கை தூரத்தில், வருஷத்துக்கு ஒன்பது பத்து நாள் மட்டும் நிற்கிறது. மற்ற நாளெல்லாம் துணிக்குள். அதற்கு வெயிலும் இல்லை, மழையும் இல்லை. இரண்டையும் ஒப்பிடுவது யானைக்கும் பூனைக்கும் ஒரே அங்குசம் என்பது மாதிரி.

கோபுரத்திலும் வண்ணத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? 2023 ஆகஸ்டில் ஸ்ரீரங்கம் கிழக்கு வாசல் கோபுரத்தில் கீழ்நிலையின் ஒரு பகுதி நள்ளிரவில் இடிந்து விழுந்தது. நல்லவேளை யாருக்கும் காயமில்லை. விரிசலுக்குப் பெயிண்ட் மருந்தில்லை என்று அந்த ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

கோயிலை உதாரணம் காட்டுகிறவர்கள் வாசலிலேயே நின்றுவிடாமல் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். பெரிய பெருமாள் திருமேனி சுதையால் ஆனது. அதனால் மூலவருக்குத் தண்ணீரால் திருமஞ்சனம் கிடையாது. அது உற்சவரான நம்பெருமாளுக்குத்தான். மூலவருக்குத் தைலக்காப்பு. ஆனி மாத ஜேஷ்டாபிஷேகத்தை ஒட்டித் தைலம் சாத்துவதைப் பக்தர்கள் அறிவார்கள். அதே கோயிலில் ராமானுஜர் திருமேனிக்குப் பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சேர்ந்த காப்பு. இதை நம்பிக்கையாகப் பார்ப்பவர் பார்க்கட்டும். இதற்குள் ஒரு தொழில் அறிவும் இருக்கிறது. எந்தப் பொருளால் ஆனது என்று முதலில் பார், பிறகு அதற்கு என்ன பொருந்துமோ அதை மட்டும் செய். உலோகத்துக்கு ஒன்று, சுதைக்கு ஒன்று. இப்படி யோசித்த ஊரில், மண், காகிதக்கூழ், மரம், பீங்கான் எல்லாவற்றையும் ஒரே பேப்பரில் நிறுத்தி ஒரே டப்பாவால் அடிப்பது எந்த ஊர் நியாயம்?

2014, 2015 திருப்பணிக்குப் பிறகு இந்தக் கோயிலுக்கு 2017ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. ஊரெல்லாம் பெருமைப்பட்டார்கள். பாராட்டப்பட்டது பழையதைப் பழையதாகவே மீட்டெடுத்த வேலை. அந்தப் பெருமையைப் பேசிய வாயால் வீட்டுப் பொம்மைக்கு "புஸ்" அடிக்கச் சொல்லலாமா?

வெளிநாட்டுக்காரன் அடிக்கிறானே!

மூன்றாவது வாதம் யூடியூப் வாதம். வெளிநாட்டில் வார்ஹாமர் மாதிரி விளையாட்டுகளுக்கு விரல் உயரப் போர்வீரர் பொம்மைகளை வாங்கி, ஸ்ப்ரேயில் பேஸ் கோட் அடித்து, மேலே தூரிகையால் அற்புதமாக வரைகிறார்கள். உண்மைதான். 1983ல் பிரிட்டனில் தொடங்கிய அந்த விளையாட்டுக்கு உலகம் முழுக்க ரசிகர்கள். ஹாஸ்டல் பசங்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் பாட்டியின் பெட்டியில் கை வைக்கிறார்கள்.

ஆனால் வீடியோவை முழுசாகப் பார்த்தார்களா? அந்தப் பொம்மைகள் பிளாஸ்டிக்கும் உலோகமும். உறிஞ்சாது, கரையாது. பழைய பொம்மைக்குப் புது வண்ணம் அடிக்க வேண்டுமென்றால் முதலில் பழைய பெயிண்டைத் திரவத்தில் ஊறவைத்துச் சுத்தமாக உரித்துவிட்டுத்தான் ப்ரைமர் அடிப்பார்கள். அடிப்பதும் மெல்லியதாக. நுணுக்கம் மூழ்கிவிட்டால் அங்கே கேலி செய்வார்கள். அதாவது ஸ்ப்ரே ரசிகர்களே பழைய பெயிண்டின் மேல் அப்படியே அடிக்காதே என்கிறார்கள். காகிதக்கூழ் பொம்மையை எதில் ஊறவைப்பது? ஊறவைத்தால் கூழ்தான் மிச்சம்.

மூச்சுக்கும் கொஞ்சம் கணக்கு

ஸ்ப்ரே டப்பாவில் வெளியே தள்ளும் வாயு பெரும்பாலும் சமையல் எரிவாயு வகையைச் சேர்ந்தது. கரைப்பானும் தீப்பிடிக்கும். பூஜை அறையில் விளக்கு எரிய, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, "ஒரே ஒரு டச்சப்" என்று அடிப்பவர்கள் டப்பாவின் பின்பக்கம் அச்சடித்திருப்பதைப் படிப்பது நல்லது. மூக்கில் கட்டிய துண்டு துளியைத்தான் கொஞ்சம் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. சீசன் முழுக்க ஸ்ப்ரே கன் பிடிக்கும் தொழிலாளிக்குக் கரி வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். பொம்மையில் பேரம் பேசி நூறு ரூபாய் குறைப்பவர்கள் அந்த முகமூடியின் விலையையும் நினைத்துப் பார்க்கலாம்.

ஈயம் இன்னொரு விஷயம். வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016ல் வந்து, 2017 நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. தொழிற்சாலைப் பயன்பாட்டுப் பெயிண்டுகள் அந்த விதியில் சேராது. வண்டிக்கு என்று விற்கும் டப்பா எந்தக் கணக்கில் வரும் என்று யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. பழைய பொம்மைகளின் மஞ்சள், சிவப்பு வண்ணங்களிலும் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. ஆகவே ஸ்ப்ரே நன்றாகப் பிடிக்கட்டும் என்று உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது அதைவிட மோசம். அந்தப் பொடியைக் குழந்தைகள்தான் முதலில் சுவாசிப்பார்கள்.

அப்படியானால் என்னதான் செய்வது?

பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். மென்மையான காய்ந்த தூரிகையால் தூசி தட்டினால் போதும். ஈரத்துணி படக் கூடாது. வண்ணம் போன இடத்தில் மட்டும், வேண்டுமானால், வாட்டர் கலரில் மெல்லியதாக ஒரு தொடல். சரியில்லை என்றால் பிறகு எடுத்துவிடலாம், ஸ்ப்ரேயை எடுக்க முடியாது. திரும்ப வைக்கும்போது சுத்தமான பருத்தித் துணி, பக்கத்தில் கொஞ்சம் வசம்பு. விரல் போனவரை இரண்டாம் வரிசைக்கு மாற்றினால் யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் என்ன? பாட்டிக்கே பல் போய்விட்டது. அவள் முகத்தில் யாராவது பேஸ் கோட் அடிக்கிறார்களா?

புது பொம்மைக்கு ஸ்ப்ரே அடித்தே தீருவேன் என்பவர்கள் தாராளமாக அடிக்கட்டும். வெயில் தாழாத காய்ந்த நாளில், திறந்த மாடியின் நிழலில், ஒரு அடி தள்ளிப் பிடித்து, பொம்மைக்கு வெளியே தொடங்கி வெளியே முடிகிற மாதிரி வீசி, மெல்லியதாக இரண்டு முறை. அப்புறம் கண் வரைய ஒரு ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டு!

புதுசாகப் பளபளவென்று வேண்டும் என்ற ஆசைக்குக் கொலு மரபே ஒரு வழி வைத்திருக்கிறது. வருஷத்துக்கு ஒரு புது பொம்மையாவது வாங்க வேண்டும் என்பதுதான் வழக்கம். சிங்காரத்தோப்பு பூம்புகாரில் ஒவ்வொரு நவராத்திரிக்கும் கொலு பொம்மைக் கண்காட்சி வைக்கிறார்கள். டப்பாவுக்குக் கொடுக்கும் காசில் கொஞ்சம் சேர்த்தால் ஒரு சின்னப் பொம்மை வரும். அந்தக் காசு, கண் வரையத் தெரிந்த ஒருவரின் வீட்டுக்குப் போகும். டப்பா வாங்கினால் வரையத் தெரிந்த கைக்கு வேலை இல்லை. வேலை இல்லாத கை இன்னும் கொஞ்ச நாளில் வரைய மறந்துவிடும். அன்றைக்குப் "யாரு வரைவா?" என்ற கேள்வி பாட்டி வீட்டில் மட்டும் இருக்காது, பண்ருட்டியிலும் இருக்கும்.

ஸ்ரீரங்கத்தில் வெள்ளை மட்டும் பூசிய கோபுரம் ஒன்று உண்டு. படையெடுத்து வந்த தளபதியைத் தள்ளிவிட்டுத் தானும் குதித்து உயிர்விட்ட வெள்ளையம்மாளின் நினைவாக அந்த வெள்ளை என்று ஊர் சொல்கிறது. அந்த வெள்ளை ஒருத்தியை மறக்காமல் இருக்கப் பூசியது. மொட்டை மாடியில் அடிக்கும் வெள்ளையோ, அந்தப் பொம்மைக்கு என்றோ கண் திறந்த, பெயர் தெரியாத ஒருவரை மறப்பதற்கு.

இந்த வருஷம் டப்பாவைக் குலுக்கும் முன் பொம்மையின் கண்ணை ஒரு தடவை நேராகப் பார்த்துவிட்டு அடிக்கட்டும். பார்த்தவர்களில் பாதிப்பேராவது டப்பாவைக் கீழே வைத்துவிடுவார்கள்.